வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸ்பைவேர்: காசு செலவில்லாமல் எடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று பல வருடமாக எத்தனையோ வீட்டுக் கம்ப்யூட்டர்களைச் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறேன். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஓடும் கம்ப்யூட்டர்களுக்கானவை. மெனுவில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

ஸ்பைவேர் என்றால் என்ன? வைரஸும் அதுவும் ஒன்றா?

வைரஸ் தன்னைத்தானே நகலெடுத்துப் பரவும். ஸ்பைவேருக்குப் பரவ வேண்டிய தேவை இல்லை. வந்த இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்து நீங்கள் என்ன டைப் செய்கிறீர்கள், எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள், என்ன பாஸ்வேர்டு சேமித்திருக்கிறீர்கள் என்று பார்த்து வெளியே அனுப்புவதுதான் அதன் வேலை.

2000களின் தொடக்கத்தில் இது பெரும்பாலும் விளம்பரத் தொல்லையாக இருந்தது. இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும், பிரவுசரில் ஒரு பட்டையை மாட்டும், விளம்பரமாகக் கொட்டும். இன்று வீடுகளில் நான் அதிகம் பயப்படுவது இன்ஃபோஸ்டீலர் என்ற வகைக்கு. இது உள்ளே வந்த சில நிமிடங்களில் பிரவுசரில் இருக்கும் பாஸ்வேர்டு, குக்கி, கார்டு விவரம் எல்லாவற்றையும் அள்ளி அனுப்பிவிடும். சில சமயம் வேலை முடிந்ததும் தன்னையே அழித்துக்கொண்டு போய்விடும். லும்மா என்ற ஒரே ஒரு இன்ஃபோஸ்டீலர் 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டு மாதத்தில் உலகம் முழுவதும் 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது.

அதனால்தான் "எடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அது ஏற்கெனவே எதை எடுத்துக்கொண்டு போனது என்பதும் அதே அளவு முக்கியம். கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

என் கம்ப்யூட்டரில் ஸ்பைவேர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"கம்ப்யூட்டர் ஸ்லோவாக இருக்கிறது" என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் அறிகுறி. ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பழைய ஹார்டு டிஸ்க்கும் 4 ஜிபி ராமும் இருந்தால் ஸ்பைவேர் இல்லாமலே அது ஸ்லோதான்.

நான் வேறு சிலவற்றைப் பார்ப்பேன். கூகுளில் தேடினால் முடிவுகள் பெயர் தெரியாத தேடுதளத்தில் திறக்கின்றனவா? நீங்கள் போடாத எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு ஒட்டி ஓடும் சின்ன மென்பொருள்) பிரவுசரில் இருக்கிறதா? விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால் திறக்க மறுக்கிறதா, அல்லது நீங்கள் அணைக்காமலே ஆன்டிவைரஸ் அணைந்திருக்கிறதா? உங்கள் இன்ஸ்டாகிராமிலிருந்து நீங்கள் அனுப்பாத மெசேஜ் நண்பர்களுக்குப் போகிறதா? வேறு ஊரிலிருந்து உங்கள் கணக்கில் நுழைந்ததாக மெயில் வந்ததா? கடைசி இரண்டில் ஒன்று நடந்திருந்தால் தாமதிக்காதீர்கள்.

திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்" என்று வந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

பெரும்பாலும் அது வைரஸே இல்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதைக் காட்டத்தான் என்னைக் கூப்பிட்டார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டிங் என்ற சத்தத்தோடு சிவப்புப் பெட்டி ஒன்று எட்டிப் பார்த்தது. "இது நாலாவது நாள் தம்பி, அதுக்குள்ள ரெண்டாயிரம் ரூபாய்க்கு ஆன்டிவைரஸ் வாங்கிட்டேன், அப்பவும் நிக்கல" என்றார்.

அந்தப் பெட்டியின் ஓரத்தை நெருங்கிப் பார்த்தால் சின்ன எழுத்தில் குரோம் என்றும், அதன் பக்கத்தில் ஒரு தளத்தின் முகவரியும் இருந்தன. சீரியல் பார்க்கப் போன தளம் ஒன்று "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கிறது, அவரும் அழுத்தியிருக்கிறார். நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கொடுத்தது அந்த ஒரு கிளிக்தான்.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி நீக்குங்கள். எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் இதே போன்ற இடம் உண்டு. அந்த ஆசிரியர் வீட்டில் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. வயதானவர்களின் பயத்தை வைத்துப் பணம் பிடுங்கும் வேலை இது. தயவுசெய்து உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பிரவுசரில் இந்தப் பட்டியலை இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஸ்பைவேர் இருப்பது உறுதியாகத் தெரிகிறது. முதலில் என்ன செய்வது?

நெட்டைத் துண்டியுங்கள். வைஃபையை அணைக்கலாம், கேபிளைப் பிடுங்கலாம். தகவல் வெளியே போவது அப்போதே நிற்கும்.

அடுத்து, அந்தக் கம்ப்யூட்டரைத் தொடாமல், உங்கள் போனிலிருந்து முக்கியமான கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். முதலில் மெயில், அப்புறம் வங்கி, அப்புறம் மற்றவை. மெயில் கைமாறிவிட்டால் அதை வைத்தே மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடலாம், அதனால்தான் இந்த வரிசை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஸ்பைவேர் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து புது பாஸ்வேர்டைத் தட்டுகிறார்கள். அந்தப் புது பாஸ்வேர்டும் அதே வழியில் போய்விடும்.

காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்காமல் உண்மையிலேயே முடியுமா?

முடியும். விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதுமானது. "சும்மா கிடைப்பது எப்படி நன்றாக இருக்கும்" என்ற சந்தேகம் நம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பு அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருந்தது. டிஃபெண்டரின் தொடக்கமே ஸ்பைவேர் எடுக்கும் கருவிதான்: 2004 டிசம்பரில் ஜயன்ட் என்ற சின்ன நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கி, அதன் ஆன்டிஸ்பைவேரை இலவசமாகக் கொடுத்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது முழு ஆன்டிவைரஸாக விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் நடத்தும் சோதனைகளில் இன்று காசு வாங்கும் ஆன்டிவைரஸ்களோடு சமமாக நின்று பலமுறை முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். கம்ப்யூட்டர் வாங்கும்போது கூடவே வந்த ஆன்டிவைரஸ் ட்ரையல் காலாவதியாகிக் கிடந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். அதை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் தானாக வேலையைத் தொடங்கிவிடும்.

சரி, டிஃபெண்டரை எப்படி முறையாக ஓட்டுவது?

ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் பகுதிக்குப் போங்கள். அங்கே அப்டேட் செய்ய வேண்டும். அதற்கு மட்டும் நெட்டை இணைத்து, முடிந்ததும் துண்டியுங்கள்.

ஸ்கேன் பட்டனை அழுத்தும் முன் ஒரு இடத்தைப் பார்க்கச் சொல்வேன். அதே பக்கத்தில் மேனேஜ் செட்டிங்ஸ் என்பதை அழுத்தி, கீழே கடைசியில் இருக்கும் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்பதைத் திறங்கள். "இந்த ஃபோல்டரைப் பார்க்காதே" என்று டிஃபெண்டருக்குச் சொல்லி வைக்கும் பட்டியல் அது. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் அது காலியாக இருக்க வேண்டும்.

என் அக்கா வீட்டில் இதைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிஃபெண்டரில் பச்சை டிக், எல்லாம் நலம் என்று காட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்க்ளூஷன் பட்டியலைத் திறந்தால் ஒரே ஒரு வரி: சி டிரைவ். அதாவது கம்ப்யூட்டரில் இருக்கும் மொத்த டிரைவையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தது. அக்கா பையன் அரையாண்டு லீவில் ஒரு விளையாட்டின் கிராக் வெர்ஷனை இறக்கியிருக்கிறான். "ஆன்டிவைரஸ் தப்பாகத் தடுக்கும், முதலில் அணைத்துவிடுங்கள்" என்று அந்த வீடியோவில் சொன்னார்கள் என்றான். அவன் அணைத்த சில நிமிட இடைவெளியில் உள்ளே வந்தது, தனக்கான பாதுகாப்பை எழுதி வைத்துக்கொண்டது. அந்த வரியை நீக்கிவிட்டு ஃபுல் ஸ்கேன் ஓட்டினோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூன்று பெயர்கள் சிவப்பில் வந்தன.

ஆகவே வரிசை இதுதான். எக்ஸ்க்ளூஷனைக் காலி செய்யுங்கள், டாம்பர் புரொடெக்ஷன் (டிஃபெண்டரின் செட்டிங்ஸை வேறு மென்பொருள் மாற்றாமல் தடுப்பது) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் ஃபுல் ஸ்கேன் தேர்ந்தெடுங்கள். குவிக் ஸ்கேன் சில இடங்களை மட்டும்தான் பார்க்கும். முடிந்தபின் அதே ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கும், அதையும் ஓட்டுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதனை நடக்கும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் ரூட்கிட் வகைகளைப் பிடிக்க இதுவே நல்ல வழி. கால் மணி நேரம் அளவில் முடியும். திறந்திருக்கும் வேலைகளை முன்பே சேமித்துவிடுங்கள்.

கடைசியாக ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் பகுதியில் ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்ஷன் என்பதற்குள் போய் எல்லாவற்றையும் ஆன் செய்யுங்கள். வைரஸ் என்று சொல்ல முடியாத, ஆனால் வேண்டாத மென்பொருள்களை அது தடுக்கும்.

டிஃபெண்டர் ஒன்றும் இல்லை என்கிறது. ஆனாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

இரண்டாவது கருத்து கேட்பதில் தப்பில்லை. மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு, நாம் ஓட்டும்போது மட்டும் ஸ்கேன் செய்யும். அதற்குப் பணம் வேண்டியதில்லை. இன்ஸ்டால் செய்தவுடன் பிரீமியம் ட்ரையல் கொடுக்கும், அது முடிந்ததும் வாங்கச் சொல்லும். வாங்காமலே ஸ்கேன் செய்யலாம், கண்டுபிடித்ததை நீக்கலாம். அதே நிறுவனத்தின் அட்வ்கிளீனர் என்ற சின்னக் கருவி, பிரவுசரைக் கடத்தும் வகைகளுக்கு மிக நல்லது. இன்ஸ்டால் செய்யக்கூடத் தேவையில்லை. ஈசெட் ஆன்லைன் ஸ்கேனரும் இலவசம். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் என்று இன்னொன்றும் இருக்கிறது. அது இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும், அதனால் பென்டிரைவில் பழையதைச் சேமித்து வைத்திருந்தால் உதவாது.

ஒன்று போதும், அதிகபட்சம் இரண்டு. ஐந்தாறை ஒரே நேரத்தில் போட்டுக் குழப்பாதீர்கள்.

எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்பது மிக முக்கியம். கூகுளில் பெயரைத் தட்டினால் மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம். அதற்குப் போலியான தளங்களும் காசு கட்டி வருகின்றன. நிறுவனத்தின் சொந்த முகவரியை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிட்டு அங்கிருந்து மட்டும் இறக்குங்கள். முடிந்தால் வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டு வாருங்கள்.

ஸ்பைபாட், ஆட்-அவேர், ஹைஜாக்திஸ் போடச் சொல்லிப் பழைய கட்டுரைகளில் படித்தேனே?

அவை அந்தக் காலத்தில் உண்மையிலேயே நல்ல கருவிகள். 2003, 2004 வாக்கில் அவை இல்லாமல் வேலை நடக்காது. இன்று அவற்றைத் தேடிப்போக வேண்டாம். குறிப்பாக ஹைஜாக்திஸ் காட்டும் பட்டியலில் எது நல்லது எது கெட்டது என்று தெரியாமல் டிக் போட்டால் விண்டோஸே நின்றுவிடும்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர் போட்டால் ஸ்பைவேர் போகுமா?

போகாது. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் செட்டிங்ஸை எழுதி வைக்கும் இடம். அதைத் "துடைப்பதால்" வேகமும் கூடாது. இந்த வகையில் பிரபலமான சிகிளீனர் என்ற மென்பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2017இல் அதன் 5.33 பதிப்புக்குள்ளேயே கள்ள நிரலை நுழைத்து அதிகாரபூர்வ தளம் வழியாகவே விநியோகித்தார்கள். சுமார் 22 லட்சம் பேர் அதை இறக்கியிருந்தார்கள். தேவையில்லாத மென்பொருள் ஒன்று கூடினாலும் ஒரு கதவு கூடுகிறது.

பிரவுசரில் தேடுதளம் மாறிக்கொண்டே இருக்கிறது. மாற்றினாலும் திரும்ப வந்துவிடுகிறது.

எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறந்து தெரியாததை எல்லாம் நீக்குங்கள். "பிடிஎஃப் மாற்றி", "வீடியோ டவுன்லோடர்", "வானிலை" போன்ற சாதுவான பெயர்களில்தான் அவை இருக்கும். பிறகு செட்டிங்ஸில் ரீசெட் செட்டிங்ஸ் கொடுங்கள். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் போகாது.

நீக்கவே முடியாத எக்ஸ்டென்ஷன் இருந்தால் குரோமின் மூன்று புள்ளி மெனுவின் அடியில் பாருங்கள். "மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்", அதாவது உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது என்று எழுதியிருக்கும். ஆபீஸ் லேப்டாப்பில் இது இயல்பு. சொந்தமாக வாங்கிய வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தால் ஏதோ ஒரு மென்பொருள் ரெஜிஸ்ட்ரியில் கட்டளை எழுதி வைத்திருக்கிறது என்று அர்த்தம். சில ஆன்டிவைரஸ்களும் இப்படி எழுதுவதுண்டு, அதனால் உடனே பதற வேண்டாம். அட்வ்கிளீனரை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி பாருங்கள், பெரும்பாலும் போய்விடும்.

குரோமில் கூகுள் கணக்கில் சிங்க் (எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே செட்டிங்ஸை வைத்திருக்கும் வசதி) ஆனில் இருந்தால், நீங்கள் நீக்கிய எக்ஸ்டென்ஷன் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து திரும்ப வந்துவிடலாம். வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் இரண்டிலும் நீக்க வேண்டும்.

ஸ்கேன் எல்லாம் முடிந்தும் கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் ஏதோ ஓடுகிறது. நானே தேடிப் பார்க்க முடியுமா?

கொஞ்சம் பொறுமை இருந்தால் முடியும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஸ்டார்ட்அப் பகுதியில் எதெல்லாம் தானாக எழுகிறது என்று பார்க்கலாம். சந்தேகமானதை டிசேபிள் செய்யலாம், அழிக்க வேண்டாம்.

அதைவிட ஆழமாகப் பார்க்க ஆட்டோரன்ஸ் என்ற கருவி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசம். இதை எழுதியவர்களில் ஒருவரான மார்க் ரசினோவிச் 2005 அக்டோபரில் தன் சொந்தக் கம்ப்யூட்டரைச் சோதித்தபோது ஒளிந்திருந்த ஒரு ரூட்கிட்டைக் கண்டுபிடித்தார். அது அவர் காசு கொடுத்து வாங்கிய சோனி பிஎம்ஜி இசைத்தட்டிலிருந்து வந்திருந்தது. பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தாலே பாதுகாப்பு என்று நினைக்கக் கூடாது என்பதை உலகம் முழுக்கப் பேச வைத்த சம்பவம் அது.

ஆட்டோரன்ஸைத் திறந்ததும் பட்டியல் நீளமாக வந்து மிரட்டும். ஆப்ஷன்ஸ் மெனுவில் மைக்ரோசாஃப்ட் உள்ளீடுகளை மறைக்கச் சொல்லுங்கள், பாதிக்கு மேல் குறைந்துவிடும். அதே மெனுவில் வைரஸ்டோட்டல் சோதனையையும் ஆன் செய்யுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ்களில் எத்தனை அதைக் கெட்டது என்று சொல்கின்றன என்ற கணக்கு வரும். ஒன்று இரண்டு என்றால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். இருபது முப்பது என்றால் சந்தேகமே வேண்டாம். முதலில் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், எல்லாம் ஒழுங்காக ஓடினால் அப்புறம் அழிக்கலாம்.

ஆட்டோரன்ஸில் ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்) பகுதியைக் கண்டிப்பாகப் பாருங்கள். "எடுக்க எடுக்கத் திரும்ப வருகிறது" என்று சொல்பவர்களின் வீட்டில் பெரும்பாலும் அங்கேதான் வேர் இருந்தது.

என் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். அத்துடன் பாதுகாப்புதானே?

இல்லை, இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இன்ஃபோஸ்டீலர் பாஸ்வேர்டோடு குக்கியையும் எடுத்துப் போகிறது. நீங்கள் ஒருமுறை லாகின் செய்தால் மறுபடி கேட்காமல் ஜிமெயில் திறக்கிறதே, அது குக்கியால்தான். அந்தக் குக்கியை வைத்திருப்பவருக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம்.

அதனால் ஒவ்வொரு முக்கியக் கணக்கிலும் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய், எந்தெந்தச் சாதனத்தில் லாகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து, தெரியாததையும் அந்தக் கம்ப்யூட்டரையும் சைன் அவுட் செய்யுங்கள். அக்காவின் கூகுள் கணக்கில் எங்கள் குடும்பத்தில் யாரும் வைத்திராத ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் இருந்தது. பெயரைப் பார்த்ததும் அக்கா பேச்சே இல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். தையல் ஆர்டர், வாடிக்கையாளர் விவரம், வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாம் அந்த மெயிலில்தான்.

ஜிமெயிலில் இன்னும் இரண்டு இடம் பாருங்கள்: ஃபார்வர்டிங், ஃபில்டர்ஸ். வங்கியிலிருந்து வரும் மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும்படி எழுதி வைத்திருப்பார்கள். மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையவைதானா என்று சரிபாருங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பாருங்கள். அப்புறம் இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள்.

எப்போது விண்டோஸை மொத்தமாக மாற்றிப்போட வேண்டும்?

விளம்பரத் தொல்லை, பிரவுசர் கடத்தல் என்றால் சுத்தம் செய்வதே போதும். பாஸ்வேர்டு திருடும் வகை வந்திருந்தாலோ, டிஃபெண்டரையே முடக்கியிருந்தாலோ நான் ரீசெட் செய்துவிடுவேன். என்ன என்ன உள்ளே இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாத கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறக்க எனக்கு மனம் வராது. அக்கா வீட்டிலும் அதைத்தான் செய்தோம்.

இதற்கு வெளியே கொடுத்துக் காசு செலவழிக்க வேண்டாம். ஒருமுறை பக்கத்துக் கடையில் கொடுத்து, கேட்காமலே எல்லா டிரைவையும் ஃபார்மட் செய்துவிட்டதால் பத்து வருடக் குடும்பப் புகைப்படம் போன வீடு எனக்குத் தெரியும்.

முதலில் புகைப்படம், ஆவணம் ஆகியவற்றை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுங்கள். இன்ஸ்டால் ஃபைல்களையும் கிராக் ஃபோல்டர்களையும் எடுக்காதீர்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போய் ரீசெட் திஸ் பிசி. விண்டோஸ் 10இல் அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள் ரெகவரி. ரிமூவ் எவ்ரிதிங், கிளவுட் டவுன்லோடு என்று தேர்ந்தெடுத்தால் மைக்ரோசாஃப்டிடமிருந்து புது விண்டோஸ் இறங்கும். 4 ஜிபி அளவில் டேட்டா ஆகும். அல்லது வேறு சுத்தமான கம்ப்யூட்டரில் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றிப் புதிதாகப் போடலாம். ஆக்டிவேஷனுக்குத் திரும்பக் காசு கேட்காது, அசல் விண்டோஸ் என்றால் தானே அடையாளம் கண்டுகொள்ளும்.

தொடங்கும் முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெகவரி கீ இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதிய லேப்டாப்களில் டிரைவ் பூட்டப்பட்டே வருகிறது. பாதி வழியில் 48 இலக்க எண்ணைக் கேட்டால் அப்போது தேட முடியாது.

போனில் பேசியவர் சொன்னபடி எனிடெஸ்க் போட்டுவிட்டேன். ஸ்கேனில் ஒன்றும் வரவில்லையே?

வராது. எனிடெஸ்க், டீம்வியூவர் எல்லாம் தூரத்திலிருந்து இன்னொருவர் கம்ப்யூட்டரை இயக்க உதவும் நேர்மையான மென்பொருள்கள். அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். உடனே நெட்டைத் துண்டித்து அன்இன்ஸ்டால் செய்யுங்கள். இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலைத் தேதிப்படி அடுக்கினால் அன்று வேறு என்ன புகுந்தது என்று தெரியும். பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். அடுத்த நாள் காலை வரை காத்திருக்காதீர்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை இடையில் முடக்கும் வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் இருந்து பணத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனது கேட்காது.

வீட்டில் இருப்பவர்களே என்னைக் கண்காணிக்க ஏதோ வைத்திருப்பதாகத் தோன்றுகிறது.

இதற்கு மட்டும் என் பதில் வேறு: உடனே எடுக்காதீர்கள். எடுத்தவுடன் வைத்தவருக்குத் தெரிந்துவிடும். அவர் கை நீட்டக்கூடியவர் என்றால் அது உங்களுக்கு ஆபத்து. அந்தக் கம்ப்யூட்டரில் இதைப் பற்றித் தேடவும் வேண்டாம். நம்பிக்கையானவரின் போனிலிருந்து பேசுங்கள். இந்தியாவில் பெண்கள் உதவி எண் 181. கம்ப்யூட்டரின் பின்புறம் கீபோர்டு வயருக்கும் யுஎஸ்பி துளைக்கும் நடுவில் விரல் நுனி அளவுத் துண்டு ஏதும் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். தட்டும் எழுத்துகளைப் பதிவுசெய்யும் அந்தத் துண்டு எந்த ஸ்கேனிலும் சிக்காது. எதையும் தொடும் முன் போட்டோ எடுத்து வையுங்கள், அது சாட்சி.

இதெல்லாம் எப்படித்தான் உள்ளே வருகிறது?

நான் பார்த்த வீடுகளில் முதலிடம் கிராக் மென்பொருளுக்கு. விண்டோஸையும் ஆபீஸையும் இலவசமாக ஆக்டிவேட் செய்வதாகச் சொல்லும் கேஎம்எஸ்பிகோ என்ற கருவியின் பெயரில் பாஸ்வேர்டு திருடும் நிரலைக் கட்டிக் கொடுத்ததை 2021 இறுதியில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். லெட்டர் டைப் செய்யவும் கணக்குப் போடவும் லிப்ரேஆபீஸ் இலவசமாகவே இருக்கிறது. தமிழில் டைப் செய்ய எங்கெங்கோ போய் மென்பொருள் இறக்குகிறார்கள்; தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, லாங்குவேஜ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் போதும்.

சமீபத்தில் வந்திருக்கும் இன்னொரு தந்திரம் மிக மோசம். ஒரு தளத்தில் "நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்யுங்கள்" என்று வரும். விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று வரிசையாகச் சொல்லும். நீங்கள் அந்தப் பக்கத்தைக் கிளிக் செய்தபோதே ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் வைத்துவிட்டது. நீங்களே ரன் பெட்டியைத் திறந்து, நீங்களே ஒட்டி, நீங்களே ஓட்டுகிறீர்கள். லும்மா பரவிய வழிகளில் இதுவும் ஒன்று. எந்த நேர்மையான தளமும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. பிள்ளைகளுக்கு இந்த ஒன்றை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

எங்கள் கம்ப்யூட்டர் பழசு, விண்டோஸ் 10தான். சுத்தம் செய்தும் பயன் உண்டா?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்கள் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் வழி இருக்கிறது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை புதுப்பிக்கப்படும். ஆனால் விண்டோஸின் ஓட்டைகளை அது அடைக்காது.

விண்டோஸ் 11 ஏறாத கம்ப்யூட்டர் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்தால் இன்ஸ்டால் செய்யலாம். பிரவுசர், வீடியோ, லெட்டர், தமிழ் டைப்பிங் எல்லாம் நடக்கும். டேலி வேண்டும், குறிப்பிட்ட பிரின்டரின் ஸ்கேனர் வேண்டும் என்பவர்கள் மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மறுபடி வராமல் இருக்க ஒரே ஒரு வேலை செய்யலாம் என்றால் எதைச் செய்வீர்கள்?

பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு போடுவேன். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குள் புது யூசரைச் சேர்த்து, அதன் வகையை அட்மினிஸ்ட்ரேட்டர் என்று வைக்காமல் ஸ்டாண்டர்டு யூசர் என்று வையுங்கள். அதில் இருந்துகொண்டு டிஃபெண்டரை அணைக்கவோ எக்ஸ்க்ளூஷன் எழுதவோ முயன்றால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். பெரியவர்களின் பிரவுசர், சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் வேறு கணக்கில் தனியாக இருக்கும். அக்கா வீட்டில் ரீசெட் முடிந்த அன்றே இதைச் செய்தோம். அட்மின் பாஸ்வேர்டை அக்கா மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி அலமாரியில் வைத்துக்கொண்டாள். அடுத்த லீவில் பையன் ஏதோ ஒன்றை இறக்கி ஓட்டியபோது, பாஸ்வேர்டு கேட்ட பெட்டியைப் பார்த்துவிட்டு அவனே எனக்கு போன் செய்தான்: "மாமா, இதை ஓட்டலாமா?"